மதாம் ஜிஸ்லேன் ஞானத்தாயான வரலாறு

தூரத் தொட்டில் சங்கத்துக்கு ஒரு தொட்டில் இருந்தது. பொன்முலாம் பூசி, உள்ளே பட்டு விரித்த தொட்டில். அதில் ஒரு பிள்ளையும் படுத்தது கிடையாது. ஆபிரிக்காவின் அநாதைப் பிள்ளைகளை நினைவூட்டுவதற்காக அது எப்போதும் வெறுமையாகவே இருக்கவேண்டும் என்பது சங்கத்தின் யாப்பு விதி. எந்தக் கூட்டமானாலும் தலைவி மதாம் ஜிஸ்லேன் முதலில் வந்து அதை ஆட்டிவிடுவார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தொட்டில் ஆடி ஓயும்வரை யாரும் கதிரையில் இருக்கக்கூடாது. முழங்கால் நோவென்று முந்தி இருந்துவிட்ட ஒரு வைத்தியரைச் சங்கத்திலிருந்தே தூக்கினார்கள்.

இந்தச் சங்கத்திடம் போய் மாட்டுப்பட்டவன் மடுத்தீன். மன்னார்க்காரன். பிரான்சுக்கு அகதியாய் வந்து, லாச்சப்பலில் ஆறாம் மாடியில் ஒற்றை அறையில் மனைவி அற்புதமலரோடு இருந்தான். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஒரு றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினான். கலியாணமாகி வருஷக்கணக்காகியும் பிள்ளையில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் மேசை போட்டுச் சங்கத்தின் செயலாளர் முசியே லூசியன் நிற்கிறார். மேசை நிறையப் பிள்ளைகளின் படங்கள். ஆபிரிக்காவில் மழை பொய்த்துப் பஞ்சமாம். "ஒரு பிள்ளைக்குப் பர்றேன் ஆகுங்கள்" என்று கூவிக்கொண்டு நிற்கிறார்.

மடுத்தீன் பக்கத்தில் நின்ற சுப்ராயனைப் பார்த்தான். சுப்ராயன் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். லாச்சப்பல் தமிழாக்களுக்கு அரசாங்கக் கந்தோர், வைத்தியம், சண்டை எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர். கூலி ஒரு கோப்பி.

"பர்றேன் எண்டா என்ன ஐயா?"

"பர்றேன்னா ஞானத்தகப்பன் தம்பி. மர்றேன்னா ஞானத்தாய். இதுல என்னா சந்தேகம்?"

சுப்ராயன் சொன்னதில் பிழையே இல்லை. கோயிலுக்குள்ளே அந்தச் சொல்லுக்கு அதுதான் கருத்து. வாசலில் போட்ட மேசைக்கு வந்ததும், மாதாமாதம் காசு கட்டுகிறவர் என்று கருத்து மாறிப்போகும் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

மடுத்தீன் சின்னவனாயிருந்தபோது அவன் தகப்பன் கடலில் போனவர் திரும்பவில்லை. முதன்முதலாய் நற்கருணை பெறும் முதல்நன்மை நாளில் அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ஞானத்தகப்பன்தான். பெற்றவன் இல்லாவிட்டால் பொறுப்பு முழுக்க ஞானத்தகப்பனுக்கு. இதை மன்னாரில் யாரும் யாருக்கும் விளங்கப்படுத்துவதில்லை. ஆகவே மடுத்தீன் பகிடிக்குச் சேரவில்லை. மலரிடம் கேட்டான். மலர் படங்களைப் பார்த்தாள். ஒரு சிறுமியின் படத்துக்குக் கீழே பிலொமேன் என்று இருந்தது.

"இஞ்சேருங்கோ, பிலோமினா! எங்கட பேர்!" என்றாள்.

சேர்ந்தார்கள். பச்சைப் பட்டி ஒன்றைத் தோளில் குறுக்கே மாட்டி, தொட்டிலில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். "கேளாமல் கொடுப்பேன், கொடுத்தபின் கேளேன்" என்பது சத்தியம். சுப்ராயன் அதைத் தமிழில் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் இடித்தது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் அந்த வேலை?

அடுத்த மாதமே மலர் உண்டானாள்.

பிறகு கேட்கவேண்டுமா? பிலோமினாவின் படத்துக்கு மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. "அந்தப் பிள்ளை வந்த ராசி" என்று மலர் லாச்சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். வயிற்றிலிருப்பது இரண்டாவது, மூத்தது ஆபிரிக்காவில் என்று ஆஸ்பத்திரித் தாதியிடமும் சொன்னாள். தாதி அப்படியே பதிந்துகொண்டாள்.

பிலோமினாவுக்கு வரும் ஆண்டு பெந்தகோஸ்து திருநாளில் முதல்நன்மை என்று சங்கத்தின் செய்தித்தாளில் ஒரு வரி வந்தது. மலருக்குக் கை பரபரத்தது. தையல் மெசினைக் கட்டிலில் தூக்கி வைத்து வெள்ளைச் சட்டை தைத்தாள். கழுத்துக்குச் சரிகைப் பின்னல், கைக்குச் சுருக்கு. கீழ்விளிம்பை நாலு விரற்கிடை உள்ளே மடித்துத் தைத்தாள். வளருகிற பிள்ளை, மடிப்பை அவிழ்த்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் போடும். எங்கள் ஊரில் பிள்ளைக்கு மடிப்பு வைக்காமல் தைப்பவளை மனுஷியென்றே மதிக்கமாட்டார்கள்.

சட்டையோடு மடுத்தீனும் சுப்ராயனும் சங்கத்துக் கந்தோருக்குப் போனார்கள்.

முசியே லூசியன் சட்டையைத் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இது தனிப்பட்ட அன்பு. தனிப்பட்ட அன்பைச் சங்கம் ஏற்பதில்லை. பொது அன்பு மட்டுமே ஏற்கப்படும்."

"அப்ப விலாசத்தைத் தரச் சொல்லுங்கோ ஐயா. நான் தபாலில போடுறன்."

"பிள்ளையின் விலாசத்தைப் பர்றேனுக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் எழுதத் தொடங்கிவிடுவார்கள்."

"எந்த நாடெண்டாவது சொல்லட்டும்."

"ஓத் வோல்ட்டா" என்றார் லூசியன். அந்த நாடு போன வருஷமே பெயரை மாற்றிப் புர்கினா பாசோ ஆகிவிட்டதே என்று சுப்ராயன் கேட்டார். பழைய பெயர் அச்சடித்த தாள்கள் இன்னும் ஓர் அறை நிறைய இருப்பதால், அவை முடியும்வரை அந்த மாற்றத்தைச் சங்கம் அங்கீகரிக்காது என்று லூசியன் பதில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மதாம் ஜிஸ்லேன் உள்ளே வந்தார். சட்டையைக் கையில் எடுத்தார், முகத்தோடு வைத்தார், கண்ணைத் துடைத்தார். "பெந்தகோஸ்துக்கு நான் அங்கே பார்வையிடப் போகிறேன். இதை என் கையாலேயே அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பேன்" என்றார். மடுத்தீன் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கொஞ்சாத குறை. வீடு வரும்வரை, "பார்த்தீங்களே ஐயா, பெரிய இடத்திலயும் நல்ல மனுசர் இருக்கினம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

நாசமாய்ப் போன அந்தப் பேச்சை நம்பிக்கொண்டு மார்கழி வரை இருந்தான்.

மார்கழியில் சங்கத்தின் ஆண்டு விருந்து. பெரிய ஹோட்டல், தொங்கு விளக்குகள், பஞ்சத்தின் பெயரால் எட்டு வகைச் சாப்பாடு. "அகதியாயிருந்தும் பர்றேன் ஆனவர்" என்று மேடையில் காட்டுவதற்காக மடுத்தீனைக் கூப்பிட்டிருந்தார்கள். இரவல் கோட்டோடு அவனும், மொழிபெயர்க்கச் சுப்ராயனும் போயிருந்தார்கள். தொட்டில் ஆடி ஓய்ந்தது. எல்லோரும் இருந்தார்கள். திரை விலகியது.

மேடையில் "பசியின் காட்சி". மதாம் ஜிஸ்லேனின் பேத்தி, கொழுத்த வெள்ளைக்காரப் பிள்ளை, முகத்திலும் கையிலும் கொக்கோவைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஆபிரிக்க அநாதையாய் நிற்கிறது. போட்டிருந்தது மலர் தைத்த சட்டை. நெஞ்சிலெல்லாம் கொக்கோ. சரிகைப் பின்னல் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. சபை விம்மியது. ஒரு சீமாட்டி அழுகை தாங்காமல் இன்னொரு கிளாஸ் ஷாம்பெயின் கேட்டாள்.

மடுத்தீன் எழும்பிவிட்டான்.

"அது என்ர பிள்ளையின்ர சட்டை! சொல்லுங்கோ ஐயா! அது பிலோமினாவின்ர சட்டை எண்டு சொல்லுங்கோ!"

சுப்ராயன் சொன்னார். ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். மதாம் ஜிஸ்லேன் ஒலிவாங்கியைப் பிடித்து அழகாய்ச் சிரித்தார்.

"நண்பர்களே, இந்த மனிதரின் உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் பர்றேன் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. ஒவ்வொரு பர்றேனும் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளை என்றே நினைக்கத் தொடங்கினால் தருமம் நடப்பது எப்படி? ஒரு சட்டை அங்கே போனால் ஒரு பிள்ளை போடும். இங்கே இருந்தால் முந்நூறு பேர் அழுகிறார்கள். எது பெரிய பயன்? பிள்ளைகள் வருவார்கள், வளர்வார்கள், போய்விடுவார்கள். நிலைத்து நிற்கவேண்டியது சங்கம். பசியே இல்லாத நாள் ஒன்று வரவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வரட்டும். ஆனால் அதன் பிறகு நாம் எங்கே சந்திப்போம்?"

சபை எழுந்து நின்று கைதட்டியது. சுப்ராயன் முழுவதையும் தமிழில் சொல்லி முடித்தபோது மடுத்தீன் அவரைப் பார்த்துச் சிரித்தான். மன்னாரில் அப்படிச் சிரிக்கிறவனைக் கண்டால் ஆட்கள் விலகி நடப்பார்கள்.

"பேச்சுக்கோ?" என்றான். "சரி. சட்டையைக் கழற்றித் தரச் சொல்லுங்கோ."

அன்றிரவு மலர் அழவில்லை. சட்டையை ஊறவைத்தாள். "அந்த மனுசியின்ர வாயால சொன்னது, அந்த மனுசியின்ர கையாலதான் போகவேணும். வேற ஒருதரும் கொண்டுபோகத் தேவையில்லை" என்றாள். எட்டு மாத வயிற்றோடு அவள் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டிருந்தால் மதாம் ஜிஸ்லேன் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பார்.

தை மாதம் பெண்பிள்ளை பிறந்தது. மடுத்தீன் சுப்ராயனையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்போடு கந்தோருக்குப் போனான். தலை குனிந்து நின்றான்.

"மதாம், விருந்தில நான் சத்தம் போட்டது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர பிள்ளைக்கு நீங்கள்தான் மர்றேனா நிக்கவேணும். உங்கட பேரைத்தான் வைக்கப்போறம்."

பிரான்சில் மர்றேன் என்றால் ஞானஸ்நானத்தன்று ஒரு வெள்ளிப் பதக்கம், சீனி பூசிய பாதாம்பருப்பு, பிறகு நத்தார் பண்டிகைக்கு ஓர் அட்டை. அதற்குமேல் மதாம் ஜிஸ்லேனுக்கும் தெரியாது. லூசியன் அவர் காதில், "பத்திரிகைக்காரர்கள் வருவார்கள்" என்றார். மதாம் கண் கலங்க ஒப்புக்கொண்டார்.

லாச்சப்பல் கோயிலில் ஞானஸ்நானம். ஜிஸ்லேன் பிலோமினா என்று பெயர். பாதிரியார், "இந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு எல்லாவற்றிலும் உதவத் தயாரா?" என்று கேட்டார். மதாம் கமெராப் பக்கம் முகத்தைத் திருப்பி, கோயில் அதிர "வுய்" என்றார். பின்வரிசை வாங்குகளில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். கேட்கவேண்டும் என்றுதான் மடுத்தீன் கார்ஜ் லே கொனெஸ், பியர்ஃபித் என்று எல்லா இடத்துக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தான். படம் பத்திரிகையில் வந்தது. சங்கத்தின் செய்தித்தாளிலும் முன்பக்கம்: "மர்றேன் என்றால் என்றென்றைக்கும்." அதை மடுத்தீன் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதாம் ஜிஸ்லேனின் வீட்டு மணி அடித்தது. பணக்காரர் இருக்கும் பதினாறாம் வட்டாரத்து வீடு. சலவைக்கல் படி, இரண்டு பேர் மட்டும் போகக்கூடிய லிஃப்ட். கதவைத் திறந்தால் மடுத்தீன், மலர், கைப்பிள்ளை, சுப்ராயன், எங்கள் ஊர் யேசுரட்ணம் குடும்பம், பியட்றிஸ் அக்கா குடும்பம், அவர்களுடைய அயலட்டை. லிஃப்டில் இடமில்லாதவர்கள் இன்னும் படியேறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் சட்டி. நண்டுக்கறி, இறால் பொரியல், புட்டு.

"ஞானத்தாய் வீட்டில சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறது எங்கட வழக்கம் எண்டு சொல்லுங்கோ ஐயா."

மதாம் சிரித்தபடி வழிவிட்டார். ஒரு நாள்தானே என்று நினைத்திருப்பார். பாவம்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அன்றைக்குப் பிள்ளைக்குக் கண்ணூறு கழிக்கவேண்டும். ஞானத்தாய் தன் கையால் செத்தல் மிளகாயைப் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போடவேண்டுமாம். சுப்ராயன் மெல்ல, "தம்பி, ஞானத்தாய்தான் செய்யணும்னு எங்க ஊர்ல இல்லையே" என்றார்.

"எங்கட ஊரிலயும் இல்லை ஐயா. நீங்கள் சொல்லுங்கோ."

சுப்ராயன் சொன்னார். புதுச்சேரிப் பங்குக்கு இரண்டு வழக்கத்தைத் தாமும் சேர்த்தார். மதாம் மிளகாயை அடுப்பில் போட்டார். மூன்றாம் மாடியிலிருந்து கீழே வாசல்காரி வரைக்கும் தும்மிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

லூசியன் கந்தோரிலிருந்து சொல்லியனுப்பினார்: பர்றேன்கள் தலைவியின் வீட்டுக்குப் போவது விதிக்கு மாறு. மடுத்தீன் பதில் அனுப்பினான்: பர்றேன் போகவில்லை, பிள்ளைதான் தன் மர்றேனிடம் போகிறது, நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம், பிள்ளைக்கு இன்னும் நடக்க வராது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுதான் பெரிய ஞாயிறு. அன்றைக்கு மதாமின் வீட்டில் நிர்வாகக் குழுவுக்கு மதிய விருந்து. வரவேற்பறை நடுவில் பொன்முலாம் தொட்டில். சூப் பரிமாறியாகிவிட்டது. மதாம் தொட்டிலை ஆட்டிவிட்டார். குழுவினர் எழுந்து நின்றார்கள். அப்போது எங்கள் ஆட்கள் உள்ளே வந்தார்கள். பிள்ளை அழுதது. மலர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். தொட்டிலைக் கண்டாள். நேரே போய்ப் பிள்ளையை அதற்குள் கிடத்தினாள்.

"ஐயோ, அதில் பிள்ளையைப் போடக்கூடாது!" என்று லூசியன் கத்தினார்.

"பின்னை என்னத்தைப் போடுறது எண்டு கேளுங்கோ ஐயா" என்றாள் மலர்.

மலர் தரையில் இருந்து, காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு ஆராரோ தொடங்கினாள். பியட்றிஸ் அக்காவும் சேர்ந்துகொண்டாள். தொட்டில் ஆடுகிறது. ஆடும்வரை யாரும் இருக்கக்கூடாது. ஒரு பழைய ஜெனரல், இரண்டு வங்கிக்காரர், ஒரு கோமகள், எல்லோரும் நாப்கினைக் கழுத்தில் கட்டியபடி நிற்கிறார்கள். சூப் ஆறுகிறது. ஜெனரலின் கால் நடுங்குகிறது. வைத்தியரை வெளியே தூக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. யாராவது முதலில் இருக்கமாட்டார்களா என்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மலர் கால் மாற்றி ஆட்டினாள். பிள்ளை பட்டில் ஒன்றுக்குப் போய்விட்டுச் சுகமாய்த் தூங்கியது. மடுத்தீன் மேசைக்குப் போய், ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, நிதானமாய்ச் சூப் குடித்தான்.

ஜெனரல் தரையில் விழுந்தபோது மதாம் ஜிஸ்லேன் சுப்ராயனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவருக்கு என்னதான் வேண்டும்? கேளுங்கள்!"

மடுத்தீன் கோட்டுக்குள்ளிருந்து சட்டையை எடுத்தான். மலர் துவைத்து, பின்னலைத் திருப்பித் தைத்து, ஸ்திரி போட்டிருந்தாள். நெஞ்சில் மட்டும் மங்கலாய் ஒரு கறை, எதற்கும் போகவில்லை.

"உங்கட கையால" என்றான்.

பெந்தகோஸ்து முடிந்து அடுத்த கிழமை, மதாம் ஜிஸ்லேன் தாமாகவே லாச்சப்பலுக்கு வந்து ஆறு மாடி ஏறினார். முகம் ஆபிரிக்க வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. கட்டிலில் இருந்தார், வேறு இருக்க இடமில்லை. மடுத்தீன் ஓடிப்போய்ச் சுப்ராயனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"சட்டை போட்டாளோ?" இதுதான் மலரின் முதல் கேள்வி.

"கட்டையாக இருந்தது. சங்கத்தின் படம் பழைய படம். பிள்ளை வளர்ந்துவிட்டாள்" என்றார் மதாம்.

"மடிப்பு?"

"இருந்தது. அவிழ்த்தோம்."

"ஆர் அவிட்டது?"

மதாம் கையை விரித்துக் காட்டினார். "நான்" என்றார். "எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் யாரென்று சொன்னதும் பிள்ளை, 'என் பர்றேனின் பிள்ளைக்கு நீங்கள் மர்றேன், அப்படியானால் எனக்கும் நீங்கள்தானே' என்று கேட்டாள். கன்னியாஸ்திரிகள் அங்கே பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையைப் பிடித்தாள். கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டியதாகிவிட்டது. தங்கச்சிக்கென்று ஒரு கினிக்கோழி தந்தாள், உயிரோடு. வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள்." கைப்பையிலிருந்து புள்ளி போட்ட ஓர் இறகை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

மலர் இறகை எடுத்துப் பிலோமினாவின் படத்தில் செருகினாள். இப்போதுதான் அழுதாள். மடுத்தீன் அழவில்லை. பேனையை நீட்டினான்.

"விலாசம்."

மதாம் கலண்டரின் ஓரத்தில் எழுதினார். எழுதி முடித்துச் சுப்ராயனிடம் மெல்லக் கேட்டார். சுப்ராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, மர்றேன் கடமை இத்தோட முடிஞ்சுதான்னு மதாம் கேக்கிறாங்க."

"முடியிறதோ? இனித்தானே கிடக்கு! இந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து, முதல்நன்மை, சாமத்தியச் சடங்கு. பிறகு ரண்டு பேருக்கும் கலியாணம். அதுக்கு மூத்தவளை அங்கையிருந்து கூட்டிக்கொண்டு வரவேணும். வரும்வரைக்கும் மதாம் வருசா வருசம் போய்ப் பார்க்கவேணும், ஒவ்வொரு தரமும் மடிப்பு அவிழ்க்கவேணும். கடைசியா மதாம் கண்ணை மூடினா நாங்கள் எல்லாரும் சட்டியோட வருவம். எல்லாத்தையும் சொல்லுங்கோ ஐயா."

சுப்ராயன் எல்லாவற்றையும் சொன்னார். மதாம் ஜிஸ்லேன் கையைக் கூப்பாத குறையாக இன்னும் ஏதோ கேட்டார்.

"இதெல்லாம் நிஜமாவே சொல்றீங்களான்னு கேக்கிறாங்க."

மடுத்தீன் பிள்ளையைத் தூக்கி மதாமின் மடியில் வைத்தான். விருந்தன்று சிரித்த அதே சிரிப்பு.

"மதாம் பேச்சுக்குக் கேக்கிறாவோ, உண்மையாக் கேக்கிறாவோ எண்டு கேளுங்கோ."

சுப்ராயன் கேட்டார். மதாமின் தோலுரிந்த முகம் இன்னும் சிவந்தது. பிள்ளை மதாமின் முத்துமாலையை எட்டிப் பிடித்து வாயில் வைத்தது. மதாம் அதை இழுக்கவில்லை.

"சரி" என்றான் மடுத்தீன். "அப்ப ஞாயிற்றுக்கிழமை வீட்டில நிக்கச் சொல்லுங்கோ. இந்தமுறை ஆக்கள் கொஞ்சம் கூட."